இரண்டாம் டிக்காஷன்

சென்ற இதழில் வெளிவந்த ஒரு கவிதையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். கவிதையோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்று இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கவிஞர் நண்பர். பெயர் வேண்டாம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற சொற்பப் பேருக்கும் யார் என்று தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

கவிதையின் விஷயம் இது. விடியற்காலை. மனைவி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எதிரே ஒரு தம்ளர் காப்பி, கணவனுடையது. அவளுக்குக் காப்பி என்றால் உயிர், குழந்தைக்காக விட்டுவிட்டாள். காப்பியின் ஆவி அவள் முகத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். அவ்வளவுதான். பதினாலு வரி. உபரியாக ஒரு சொல் இல்லை, அடைமொழி இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. நமக்கு முந்தியவர்கள் எப்படி எழுதவேண்டும் என்று சண்டை போட்டு நிலைநாட்டினார்களோ அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

இதழ் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து இதைப் படித்தோம். தாய்மையின் மௌனம் என்றார் ஒருவர். படிமம் கச்சிதம் என்றேன் நான். பிறகு ஐந்து பேரும் எழுந்து போய் எதிர்ச்சாரியில் காப்பி குடித்தோம். இரண்டு பேர் இரண்டாம் தடவையும் குடித்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது.

என் கட்சி இதுதான்: கவிதை பொய். அசட்டுப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இது நேர்த்தியாகச் செய்யப்பட்ட பொய். அதனால் எழுதித்தான் ஆகவேண்டும்.

முதலில் அந்த ஆவி. ஒரு தம்ளரின் ஆவி ஒருத்தியின் முகத்தைத் தொடவேண்டுமானால் தம்ளர் எங்கே இருக்கவேண்டும்? மடியில் கிடக்கும் பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில். பிள்ளை பெற்ற வீடு எதிலும் கொதிக்கிற காப்பியை அங்கே கொண்டுபோய் வைக்கமாட்டார்கள். மூன்றாம் மாசத்தில் பிள்ளை கையை வீசத் தொடங்கும். ஒரு வீச்சு போதும். பால் கொடுக்கும்போது காப்பி குடிப்பதைப் பற்றி எவருமே மறுக்கமுடியாத எச்சரிக்கை ஒன்று உண்டென்றால் அது இந்தச் சூடுதான். நண்பருக்கு அது தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஆவியை.

அடுத்தது, அந்தக் காப்பியைப் போட்டது யார்? அவள் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கணவன் கவிதை பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒன்று, பிள்ளை விழிக்குமுன் அவளே எழுந்து போட்டிருக்கவேண்டும். அல்லது வீட்டில் வயதான இன்னொருத்தி இருந்து போட்டிருக்கவேண்டும். பதினாலு வரியில் அவள் இல்லை. கவிதையில் காப்பி தானாக வந்து நிற்கிறது, அசரீரி மாதிரி. நம் கவிதையில் சிக்கனம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி இப்படி ஆளைக் கழித்து மிச்சம் பிடித்ததுதானோ என்று சந்தேகம் வருகிறது.

சரி, குழந்தைக்காக விட்டுவிட்டாள் என்கிறாரே, அதற்கு வருகிறேன்.

காப்பியில் இருப்பது காஃபீன். அது தாய்ப்பாலில் போகிறது. இல்லை என்று யாரும் சொல்லவில்லை. குடித்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் பாலில் அதன் அளவு உச்சத்தைத் தொடும். ஆனால் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது தாய் குடித்ததில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். பெரியவர்கள் உடம்பில் சுமார் ஐந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் அந்தச் சரக்கு, பச்சைக் குழந்தையின் உடம்பில் பாதியாக மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்ளும். ஈரல் இன்னும் பழகவில்லை. அரை வருஷம் ஆனால் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடும். ஆகவே முதல் சில வாரங்கள் கையை அடக்கு என்பதில் நியாயம் இருக்கிறது. ஒருத்தி நாளைக்கு ஏழெட்டுத் தம்ளர் குடித்தால் பிள்ளை நை நை என்று அழலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பால் கொடுக்கிறவர்களுக்கு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீன் வரையில் பயமில்லை என்றது. நம் வீட்டுக் காப்பியில் சிக்கரி சேர்ந்திருக்கிறது, சிக்கரியில் காஃபீனே கிடையாது; போதாததற்கு முக்கால் தம்ளர் பால். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்பது அந்த எல்லைக்கு உள்ளேதான் நிற்கும். பிரேசிலில் பெலோட்டாஸ் நகரத்தில் சுமார் 900 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2012இல் எழுதினார்கள்: தாய் குடித்த காஃபீனுக்கும் மூன்று மாசப் பிள்ளை ராத்திரி விழித்துக்கொள்வதற்கும் குறிப்பிடும்படியான சம்பந்தம் தென்படவில்லை.

இதைவிட ஒன்று இருக்கிறது. குறைமாசத்தில் பிறந்து மூச்சு விட மறந்துபோகிற சிசுக்களுக்கு ஆஸ்பத்திரிகளில் மருந்தாகக் கொடுப்பது என்ன தெரியுமா? இதே காஃபீன். 1970களிலிருந்தே உண்டு; 2006இல் பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு வந்தபிறகு அது மேலும் உறுதிப்பட்டது. ஒன்றரைக் கிலோகூட இல்லாத பிள்ளைக்கு டாக்டர் அளந்து நேராகவே கொடுக்கிறார். தாயின் வழியாகத் துளி போனால் மட்டும் வீடு கூடி விசாரிக்கிறது.

விசாரணை என்ற வார்த்தையைத் தெரிந்தேதான் போடுகிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளின் வாய் ஒரு சோதனைச் சாவடி. கத்தரிக்காய் கரப்பான், பலாப்பழம் மாந்தம், தயிர் சளி, பச்சைத் தண்ணீர் ஜன்னி. இந்தப் பக்கம் பூண்டு, பால்சுறாப் புட்டு, உளுந்தங்களி, பிள்ளைபெற்ற மருந்து, சுக்குக் காப்பி. இதையெல்லாம் மூட நம்பிக்கை என்று ஒரே தள்ளாகத் தள்ளுகிறவன் இல்லை நான். சுறாப் புட்டிலும் உளுந்திலும் சத்து இருக்கிறது, அதை அவளுக்கென்று தனியாக ஆக்கிப் போடுகிற கையில் பரிவும் இருக்கிறது. கவனிக்கவேண்டியது வேறு. பிள்ளை அழுதால், பேதியானால், தூங்காவிட்டால், முதல் கேள்வி பிள்ளையைப் பார்த்து இல்லை. அவளைப் பார்த்து: ‘என்னத்தத் தின்ன?’ பிள்ளைக்குச் சேனை வைத்தவர்கள் இருக்கிறார்கள், உரைமருந்து புகட்டினவர்கள் இருக்கிறார்கள், ஈக்கள் மொய்த்த சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவின மாமா இருக்கிறார். குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது பால்.

காந்தி 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் ஆரோக்கியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது டீ, காப்பி, கொக்கோ மூன்றுமே வேண்டாம் என்றார். அவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார், தன்னையும் உட்படுத்திக்கொண்டு. நம் வீடுகளில் தடை ஒருத்திக்கு. அவளுக்காகத் தடை போடுகிறவர்கள் கையில் தம்ளர்.

நியாயமான ஒரு தடை இருக்கிறது, அதை யாரும் போடுவதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் காப்பி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறைகிறது; டீ என்றால் இன்னும் மோசம். 1983இலேயே அளந்து சொன்னார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ‘தாயே, காப்பியைச் சோற்றோடு குடிக்காதே, ஒரு மணி நேரம் தள்ளிக் குடி’ என்று எந்த மாமியாராவது, எந்தக் கவிஞனாவது சொன்னதுண்டா? அந்த எச்சரிக்கை அவள் ரத்தத்தைப் பற்றியது. பாலைப் பற்றியது அல்லவே.

இனி என் வீட்டு விஷயம். இதைச் சொல்லாமல் நண்பரை மட்டும் திட்டுவது யோக்கியமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் எங்களுக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் மாசம் மனைவி அவள் அம்மா வீட்டிலிருந்து வண்டியூருக்கு வந்தாள். ஒருநாள் காலை அவள் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தாள். என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் மனைவியின் கையிலிருந்து தம்ளரை வாங்கினேன். பிடுங்கவில்லை, வாங்கினேன்; மிகவும் மென்மையாகத்தான். ‘பாப்பாவுக்கு ஆகாதும்மா’ என்றேன். பிறகு, வீணாகப் போகிறதே என்று அதை நானே குடித்தேன். குடித்துக்கொண்டே படிமத்துக்கும் உவமைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய ஒரு கட்டுரையைத் திருத்தினேன். அது இதே பத்திரிகையில் வந்தது. நான்கு பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

அவள் ஒன்றும் பேசவில்லை. மௌனம் என்று நம் நண்பர் எழுதுகிறாரே, அது. இரண்டு வாரம் கழித்துக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு தம்ளர் கண்டேன். அடியில் காய்ந்த காப்பிக் கறை. கறை வெளிறின நிறமாக இருந்தது. இரண்டாம் டிக்காஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் டிக்காஷன் என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் யாராவது எழுதியிருக்கிறார்களா? ஃபில்டரில் முதலில் இறங்குவது கெட்டி. அது மாமனாருக்கு, கணவனுக்கு, வந்த விருந்தாளிக்கு. அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்குவது இரண்டாவது, அது போட்டவளுக்கு. மிஞ்சின பாலைப் பொறுத்து, மிஞ்சின நேரத்தைப் பொறுத்து. என் அம்மா முப்பத்தைந்து வருஷமாக அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறாள், அதுவே பிடித்தும்போய்விட்டது. கெட்டியாகக் கொடுத்தால் கசக்கிறது என்கிறாள். மருமகளைத் தடுத்து என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வையில் கெடுதல் எண்ணம் இல்லை. தன்னை நிறுத்திய இடத்தில் இன்னொருத்தியை நிறுத்திவிட்டு அவள் ஓய்வெடுத்துக்கொள்கிறாள், அவ்வளவே. தம்ளரை வாங்கிய கை என்னுடையது.

தம்ளருக்கு நம் ஊரில் எப்போதுமே சட்டதிட்டம் உண்டு. மதுரையைச் சுற்றின கிராமத்து டீக்கடைகளில் இரட்டைத் தம்ளர் இருந்த கதை தெரிந்ததுதான். சென்னையில் ‘பிராமணாள்’ பலகையை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் ஆட்கள் 1957இல் ஓட்டல் வாசலில் நின்று கைதானார்கள். காப்பி இங்கே வந்து நடுத்தர வர்க்கத்தின் அந்தஸ்தாக ஆன கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் எழுதினார். ஒரு பானத்தை வைத்து ஒரு சமூகம் தன்னைத்தானே எப்படி வரிசைப்படுத்திக்கொண்டது என்று அதில் படிக்கலாம். யார் குடிக்கலாம், எங்கே குடிக்கலாம், எதில் குடிக்கலாம். வெளியில் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் வந்துவிட்டது. அடுக்களையில் இன்னும் வரவில்லை.

கூலிக்காரப் பெண்ணிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூருக்கு வந்து தங்குகிற ராத்திரி, எங்கள் தெருமுனையிலிருந்து ஆற்றங்கரை வரை ஜனம் தரையில் படுத்துக் கிடக்கும். சுற்றுவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எவனோ ஒரு புண்ணியவான் அண்டாவில் டீ கொண்டுவந்து ஊற்றுவான். பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டே ஒரு கையால் தம்ளரை வாங்கி, பிள்ளைப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி ஊதி ஊதிக் குடிக்கிற பெண்களை வருஷாவருஷம் பார்க்கிறேன். பாலில் டீ கலந்துவிடுமே என்று அழகரும் கவலைப்படவில்லை, ஊற்றினவனும் கவலைப்படவில்லை. விடிந்தால் அவர்களுக்கு நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை. அங்கே பாலைவிட வேலை முக்கியம். ஆகவே டீ குடிக்கலாம். இங்கே, நாலு தெரு தள்ளி, பால் அந்தஸ்து. ஆகவே காப்பி கூடாது. தியாகம் என்று நாம் கவிதை எழுதுவது இந்த இரண்டாவது பால்தான். முதலாவதைப் பற்றி எழுத நமக்குப் படிமம் கிடைப்பதில்லை.

நாம் குடிக்கிற காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மேற்கே தாண்டிக்குடிப் பக்கத்து மலைச்சரிவில் பறிக்கிற பழம் அது. பறிக்கிற கைகளில் பெரும்பகுதி பெண் கை. இலங்கைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சீமையிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்து போனார்களே, அவர்கள் போனது முதலில் காப்பிக்காக. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பி அழிந்தபிறகுதான் தேயிலை. அந்தத் தோட்டங்களில் பிறந்த சொல் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிறவள் பிள்ளையை அங்கே கிடத்திவிட்டுப் போய், நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடவேண்டும். நெஞ்சில் பால் கட்டி வலிக்க வலிக்க மலையேறினவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். காப்பிக்கும் தாய்ப்பாலுக்கும் உள்ள சம்பந்தம் தமிழில் இவ்வளவு பழையது. நமக்கு அது ஒரு தம்ளரும் கொஞ்சம் ஆவியும்.

இலக்கியத்துக்கே வருகிறேன். தமிழ் உரைநடையில் காப்பி ஆண்பிள்ளைச் சொத்து. புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை கடவுளையே காப்பி ஓட்டலுக்கு அழைத்துப்போய், சிக்கரி கலந்ததைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்தார். ஜானகிராமனின் ஆட்கள் காப்பி குடித்தால் படிக்கிறவன் மூக்குக்கும் வாசனை எட்டும். அந்தக் காப்பியைக் கலந்தவள் அடுக்களைக்குத் திரும்பிப் போய் என்ன குடித்தாள் என்பதற்கு, வீட்டின் மூலையில் ஒரு சமையலறை இருக்கிறது என்று அம்பை 1988இல் புத்தகத்தின் அட்டையிலேயே போட்டுச் சொல்லும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

பாலோ கவிதையின் சொத்து. அதுவும் பழைய சொத்து. புறநானூற்றில் 278ஆவது பாட்டு காக்கைபாடினியார் நச்செள்ளையார் எழுதியது: மகன் போரில் முதுகு காட்டினான் என்ற பேச்சு உண்மையானால் அவன் பால் குடித்த முலையை அறுப்பேன் என்கிறாள் தாய். எழுதியவர் பெண்தான், பாட்டின் வேகத்தில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பிள்ளை ஓடினால் முலை குற்றவாளி. என் வீட்டில் பிள்ளை தூங்காவிட்டால் காப்பி குற்றவாளி. இடையில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம்.

நாம் மதுரைக்காரர்கள் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கும் முன் யோசிக்கவேண்டும். இது ஒருத்தி தன் முலையைத் திருகி எறிந்து எரித்த ஊர். மூன்று முலையோடு பிறந்தவளுக்குக் கணவனைக் கண்டதும் ஒன்று மறைந்து போயிற்று என்று வருஷந்தோறும் கல்யாணம் நடத்துகிற ஊர். திருவிளையாடலில் சொக்கநாதரே தாய்ப்பன்றியாக வந்து அநாதைக் குட்டிகளுக்கு முலை கொடுத்தார். புதுமண்டபத்துத் தூணில் சிற்பம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அவரும் கந்தசாமிப் பிள்ளையோடு ஓட்டலுக்குப் போனவரும் ஒருவரே என்றால், தமிழ் இலக்கியத்தில் பால் கொடுத்தும் காப்பி குடித்தும் யாரிடமும் கேள்வி கேட்கப்படாத ஒரே தாய் அவர்தான். ஆண்பிள்ளை என்பதால் விட்டிருப்பார்கள்.

2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்தபோது என்ன கூச்சல் எழுந்தது என்று நினைவிருக்கும். முலை என்ற சொல் தமிழுக்குப் புதிதா? கோயில் பாட்டில் இருக்கிறது, காப்பியத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் அது யாருக்காவது உதவிக்கொண்டிருந்தது: பிள்ளைக்குப் பால், காதலனுக்கு வர்ணனை, ஊருக்கு நெருப்பு. ஒருத்தி அது என்னுடையது என்று சொன்னதும் ஆபாசமாகிவிட்டது. அந்தக் கூச்சலில் நம் வட்டம் கலந்துகொள்ளவில்லை. அவர்கள் பக்கம்தான் நின்றோம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறோம். சரி. அந்தக் கட்சியின் மிகச் சாதாரணமான கிளைப்பிரச்னைதான் ஒரு தம்ளர் காப்பி. பாலை உடையவள் வாயையும் உடையவளா என்பது. இதில் நண்பரின் பதினாலு வரி எந்தப் பக்கம் நிற்கிறது?

பதில் என்ன வரும் என்று தெரியும். ‘இது சமூகச் சீர்திருத்தம், விமர்சனம் அல்ல. கவிஞன் கண்டதை எழுதினான். அந்தப் பெண் தானாகவே விட்டிருக்கலாம் அல்லவா?’ விட்டிருக்கலாம். தானாக விடுகிறவர்கள் இருக்கிறார்கள், குமட்டுகிறது என்று விடுகிறவர்களும் உண்டு. அவள் விட்டது என் புகார் இல்லை. அவள் விட்டதை அவன் அழகாகக் கண்டது என் புகார். காப்பியின் சூடு அவனுக்குத் தெரிகிறது, ஏனென்றால் அது அவனுடைய காப்பி. ராத்திரி நாலு தடவை எழுந்தவளின் கண்ணெரிச்சல் தெரியவில்லை. அவள் கண்ணை மூடியது வாசனையை அனுபவிக்க என்று அவன் எழுதுகிறான். அவள் தூங்கியிருக்கலாம். பால் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போவது என்ன என்று பிள்ளை பெற்ற யாரையும் கேட்கலாம். பார்வையின் குறை அது. பார்வையின் குறை வடிவத்தின் குறைதான் என்று நாம்தானே மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினோம். வானம்பாடிகள் சத்தம் போட்டார்கள் என்று அவர்களைக் கேலி செய்தோம். சத்தத்தில் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும். மௌனத்தில் சொன்னால் கச்சிதம் என்கிறோம்.

நான் வேலை பார்க்கிற இடத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண் ஆறு மாச விடுப்பு முடிந்து திரும்பினாள். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் நாங்கள் ஆண்பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வெளியே போய் டீயோ காப்பியோ குடித்துவிட்டு வருவோம். எந்தச் சட்டத்திலும் எழுதாத இடைவேளை. எந்த மேனேஜரும் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பதினைந்து மாசம் ஆகும்வரை தாய்க்குப் பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை என்று 1961ஆம் வருஷத்துப் பேறுகாலப் பயன் சட்டம் எழுதிவைத்தது. 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கிறது. அவள் ஒருநாள் அதைக் கேட்டாள். கவுன்ட்டரில் கூட்டமாக இருக்கிறதே அம்மா என்று பதில் வந்தது. கூட்டம் இருந்தது உண்மை. பழைய லெட்ஜர்கள் அடுக்கின அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பாலைப் பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் நான் வெளியே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2015இல் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள், முந்நூற்றைம்பதுக்கும் மேல். அப்போது நாம் அதில் ஒட்டியிருந்த படத்தைப் பற்றித்தான் கேலி பேசினோம். வெயிலில் பிள்ளையோடு நின்றவளுக்கு ஒரு கதவு கிடைத்தது என்பது நம் பேச்சில் வரவே இல்லை.

நண்பர் கோபித்துக்கொள்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்துக்கு வராமலும் இருக்கலாம். அவர் கவிதையை எடுத்துக்கொண்டது அது நம் எல்லோருடைய கவிதை என்பதால்தான். என் பெயரில் வந்திருந்தாலும் யாரும் வித்தியாசம் கண்டிருக்கமாட்டார்கள்.

இதை எழுதி முடித்து மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டே படித்தாள். புறநானூறு வந்த இடத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினாள் என்று சந்தேகம். துவைக்கிற கல் வந்த இடத்தில் நிறுத்தினாள்.

‘இது தப்பா எழுதியிருக்கீங்க’ என்றாள். ‘அது ரெண்டாம் டிக்காஷன் இல்ல. பக்கத்து வீட்டு அக்கா பாக்கெட் பொடி குடுத்தாங்க, வெந்நில கலக்கிக் குடிச்சேன். டிக்காஷன் போட்டா வீடு பூரா வாசம் வந்துருமுல்ல.’